உந்துசக்திச் சான்றிதழ்

ஹைதராபாத்தில் தமிழில் கதை எழுதுகிறவர்கள் இனிமேல் கற்பனை செய்யக் கூடாது என்று 1976-ஆம் வருடம் பிப்ரவரி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு தீர்மானம் நிறைவேறியது. கூட்டத்தில் இருந்த நாற்பத்து மூன்று பேரும் கை தூக்கினார்கள். மூன்றாவது பெஞ்சில் இருந்த உலகநாதனும் தூக்கினார். எதற்குத் தூக்குகிறோம் என்று அவருக்குத் தெரியாது. முன்னால் நாற்காலிகளில் இருந்தவர்கள் தூக்கினார்கள், அதனால் தூக்கினார்.

தீர்மானம் போட்டது பொதுத்துறைத் தமிழ்ப் படைப்பாளர் மன்றம். மத்திய அரசின் தொழிற்சாலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்த தமிழர்கள், ஆபீஸில் மிச்சம் பிடித்த சக்தியை இலக்கியத்தில் செலவழிப்பதற்காக வைத்துக்கொண்ட அமைப்பு. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பிற்பகல், மல்காஜ்கிரியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் கூடும். நாவல் எழுதுகிறவர்கள், சுயசரிதை எழுதுகிறவர்கள், படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் மேடையேறித் தங்கள் படைப்பைப் பற்றியும் அதற்கு உந்துசக்தியாக இருந்தது எது என்பதைப் பற்றியும் பேசுவார்கள். பேசுகிற நேரம் சம்பள விகிதத்தைப் பொறுத்தது. துணைப் பொது மேலாளருக்கு நாற்பது நிமிடம், மேற்பார்வையாளருக்குப் பத்து, தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் மூன்று. உட்காருவதும் அதே கணக்குதான். அதிகாரிகளுக்குக் கை வைத்த நாற்காலி, மேற்பார்வையாளர்களுக்குக் கை இல்லாத நாற்காலி, மற்றவர்களுக்கு பெஞ்ச். இலக்கியத்தில் எல்லோரும் சமம் என்று மேடைக்கு மேலே துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். பெஞ்சிலிருந்து பார்த்தால் அது நன்றாகத் தெரியும்.

கற்பனைக்குத் தடை வந்ததற்குக் காரணம் மன்றத்தின் செயலாளர் வெங்கடராமன். பாலாநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தலைவர். அங்கே ஓர் இரும்புக் கம்பி வாசலுக்குள் வர வேண்டுமென்றால் எந்த ஆலையில் உருகியது, எவ்வளவு கரி கலந்தது என்று சான்றிதழோடு வர வேண்டும். அது இல்லாமல் தங்கக் கம்பியே வந்தாலும் அவர் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷர் ஒரு கூட்டத்தில், நாவல் எழுதிய ஸ்டோர்ஸ் குமாஸ்தா ஒருவரைப் பார்த்து, இந்தக் கதாநாயகன் எங்கிருந்து வந்தான் என்று விசாரித்தார். அந்த அப்பாவி, “தோணிச்சு சார்” என்று சொல்லித் தொலைத்தார்.

வெங்கடராமன் அன்றைக்கு மன்றத்துக் காப்பியைத் தொடவில்லை. “தோணித்துன்னா எங்கேர்ந்து தோணித்து? சப்ளையர் யாரு?” என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதமே ம-7 என்று ஒரு படிவம் வந்துவிட்டது. படைப்பில் வருகிற ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உந்துசக்தியாக இருந்த உயிருள்ள மனிதர் யார், அவர் விலாசம் என்ன, எழுத்தாளருக்கு என்ன உறவு என்று எழுதித் தர வேண்டும். அந்த மனிதருக்கு மூலம் என்று பெயர். மூலமானவர் கைப்பிரதியைப் படித்துப் பார்த்து, மேடையில் நேரில் தோன்றி, இது நான்தான் என்று கையெழுத்திட வேண்டும். மூலத்துக்கும் பாத்திரத்துக்கும் பத்து சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாம். ஐந்தரை அடி ஆள் நாவலில் ஆறடி ஆகலாம், ஆறரை அடி ஆகக் கூடாது. தேறாத கைப்பிரதிக்குச் சிவப்புப் பெயின்ட். தொழிற்சாலையில் கழித்த உதிரிபாகத்தை யாரும் நைசாகத் திரும்ப உள்ளே தள்ளிவிடக் கூடாது என்று சிவப்படிப்பார்கள் இல்லையா, அதே முறைதான். பக்கத்துக்கு ஒரு பட்டை. இரண்டு வருஷத்தில் இரண்டு நாவல்களும் ஒரு நாடகமும் இப்படிச் சிவந்துபோயின. தரம் உயர்ந்துவிட்டதாக ஆண்டறிக்கை சொன்னது.

உலகநாதன் ரயில்வே பட்டறையில் டைம் கீப்பர். அரக்கோணத்துக்காரர். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று எழுதியே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. வந்தவனை வரவில்லை என்றோ வராதவனை வந்தான் என்றோ ஒரு நாளும் எழுதியது கிடையாது. அந்தச் சலிப்பில்தானோ என்னவோ, பதினோரு வருஷமாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாவல் எழுதினார். ‘பார்வதியின் இருபத்திரண்டு வருடம்’ என்று பெயர். பார்வதி என்று ஒருத்தி. இருபத்திரண்டு வருஷம் ஒருவனோடு குடித்தனம் நடத்துகிறாள். அவன் குடிகாரன் இல்லை, அடிக்கிறவன் இல்லை, குற்றம் சொல்ல ஒன்றும் இல்லாதவன். அவளுக்கு அவனை ஒரு நாள்கூடப் பிடித்ததில்லை. யாருக்கும் தெரியாமல், எல்லாக் காரியமும் ஒழுங்காகச் செய்துகொண்டு, அவள் காலத்தைத் தள்ளுகிறாள். அவ்வளவுதான் கதை.

நல்ல நாவல். இதைச் சொல்லியே ஆக வேண்டும். மன்றத்தில் யாருக்கும் இல்லாத ஒன்று அந்த மனுஷரிடம் இருந்தது. அப்படி ஒரு பெண்ணை அவர் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதும் இல்லை. வருகைப் பதிவில் சேராத ஒரே ஒரு விஷயம் தன் வாழ்க்கையில் அதுதான் என்று அவருக்கு உள்ளூர அபாரப் பெருமை. பிழை திருத்திய முதல் எழுத்துக்களையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டு, நானூற்றுப் பத்துப் பக்கம் மணிமணியாக ஒரே பிரதி எழுதி மன்றத்தில் கொடுத்தார். 1978-ஆம் வருஷ வெளியீடாக அதையே அச்சிடலாம் என்று வாசகர் குழு சொல்லிவிட்டது. ஒன்பது வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தவர். தன் பெயர் அச்சில் வரும், சாவதற்குள் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டார். ம-7 ஒன்றுதான் பாக்கி.

சரிபார்ப்புக் கூட்டத்தில் முதலில் பேசியவர் மன்றத் தலைவர் சாம்பசிவம். துணைப் பொது மேலாளர். சுயசரிதை எழுதிக்கொண்டிருந்தார். முதல் பாகம் ஐந்நூற்றிருபது பக்கம். அது முடியும்போது அவருக்கு ஏழு வயது. சுயசரிதைக்கு மூலம் அவரேதான் என்பதால் அவருக்கு அவரே கையெழுத்திட்டிருந்தார். வித்தியாசம் பூஜ்யம் சதவீதம். நேரில் பார்த்த சாட்சி என்ற இடத்தில் அவருடைய ஸ்டெனோ ஜலஜா கையெழுத்திட்டிருந்தாள். அவர் ஏழு வயதில் மாமரத்திலிருந்து விழுந்தபோது ஜலஜா பிறப்பதற்கு இன்னும் இருபத்தைந்து வருஷம் இருந்தது.

“என் எழுத்துக்கு உந்துசக்தி எளிமை,” என்றார் சாம்பசிவம். “நான் பேனாவைத் தொடுவதே இல்லை. சொல்லிக்கொண்டே போவேன், ஜலஜா எழுதிக்கொள்வாள். என் அம்மாவின் மரணத்தை மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவை ஜலஜா அழுதுவிட்டாள். எழுத்தின் சக்தி என்றால் அதுதான். ஆனால் கண்ணீர் பட்டு நாலு பக்கம் கெட்டுப்போயிற்று. அதற்கு ஒரு மெமோ கொடுத்தேன். நிர்வாகம் வேறு, இலக்கியம் வேறு. இரண்டையும் நான் குழப்பிக்கொள்வதில்லை.”

கைதட்டல் ஓய ஒரு நிமிடம் ஆயிற்று. ஜலஜா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து இந்தப் பேச்சையும் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டிருந்தாள். அது ஒன்பதாம் பாகத்துக்கு வேண்டியிருக்குமாம்.

அடுத்தவர் படம் எடுக்கிற நாராயணஸ்வாமி. விளம்பரப் பிரிவு மேலாளர். தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றி ‘கையுறை’ என்று பதினோரு நிமிடப் படம் எடுத்திருந்தார். அதைப் பற்றி முப்பத்தைந்து நிமிடம் பேசினார். படத்துக்கு மூலம், பிரஸ் மெஷினில் இரண்டு விரலைக் கொடுத்த பெருமாள் என்ற தொழிலாளி. விபத்தை அவனையே திரும்ப நடித்துக் காட்டச் சொன்னாராம், ஏழு டேக் எடுத்தாராம். பெருமாளுக்குக் கத்தத் தெரியவில்லை. நிஜத்திலும் கத்தவில்லை சார் என்று சொன்னானாம். அது பார்வையாளனைத் தொடாது என்பதால் கத்துகிற சத்தத்தை மெட்ராஸிலிருந்து வரவழைத்துச் சேர்த்தார்களாம்.

“பெரிய பிரச்சினை என்னன்னா, விபத்துக்கு முந்தின காட்சியிலயும் அவனுக்கு ரெண்டு விரல் இல்ல,” என்று நாராயணஸ்வாமி வருத்தப்பட்டார். “ஒரு கலைஞனுக்கு இப்படியெல்லாம் சோதனை வரும். கடைசியில அவன் தம்பி கையை வெச்சு எடுத்தேன். நல்ல கை. தம்பியும் அதே மெஷின்லதான் இருக்கான். ரெண்டாம் பாகம் எடுக்கணும்னா கவலை இல்லை.”

வெங்கடராமன் மூலத்தை எழுந்து நிற்கச் சொன்னார். கடைசி பெஞ்சிலிருந்து பெருமாள் எழுந்து கையைத் தூக்கினான். எல்லோரும் எண்ணிப் பார்த்தார்கள். சரியாக இருந்தது.

மூன்றாவது, நாவலாசிரியை ரமா. ஒரு தலைமைப் பொறியாளரின் மனைவி என்பதால் தலைமைப் பொறியாளருக்கு உண்டான முப்பது நிமிடம். பாத்திரம் தேய்க்கிற ஒரு பெண்ணின் துயரத்தை எழுதியிருந்தார். அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற யாதம்மாவை மேடைக்கு அழைத்து வந்திருந்தார்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது. புதுப் புடவை கட்டிக்கொண்டு, மைக்கைப் பார்த்தபடி நின்றாள். நீதானே இந்தக் கதாநாயகி என்று ரமா தெலுங்கில் கேட்டபோது, “அவுனம்மா” என்று ஆமோதித்தாள். நீ ரொம்பக் கஷ்டப்படுகிறாய் இல்லையா என்றதற்கும் “அவுனம்மா.” உன்னை யாராவது புரிந்துகொண்டிருக்கிறார்களா, என்னைத் தவிர என்று கேட்டார். யாதம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு அதற்கும் “அவுனம்மா” என்றாள்.

வெங்கடராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஆட்சேபத்தின் அடையாளம். “நாவல்ல அவ பட்டினியால செத்துப்போறா. மூலம் நன்னா திடகாத்திரமா இருக்கே. பத்து பர்சென்ட்டைத் தாண்டறது” என்றார்.

ரமாவின் முகம் வாடிவிட்டது. கணவரைப் பார்த்தார், அவர் கூரையைப் பார்த்தார். பிறகு ரமா ஒரு முடிவுக்கு வந்தவர் போல், “அடுத்த மாசத்துலேர்ந்து மத்தியானச் சாப்பாட்டை நிறுத்திடறேன்” என்றார். திருத்த நடவடிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று குறிப்பில் எழுதினார்கள். யாதம்மாவுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். அவள் எல்லோரையும் கும்பிட்டாள்.

உலகநாதனுக்கு மூன்று நிமிடம். எழுந்து வந்து நின்றார். பார்வதிக்கு மூலம் யார் என்று கேட்டபோது, மறைக்கத் தெரியாத மனுஷர், கற்பனை என்று சொன்னார். படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை என்று வெங்கடராமன் சொன்னார். மூன்று நிமிடம் முடிந்துவிட்டதால், பதில் சொல்லும் வேலையை சாம்பசிவம் தன் நேரத்தில் எடுத்துக்கொண்டார்.

“நண்பர் உலகநாதன் படித்தவர் இல்லை, அதனால் மன்னிக்கலாம். கற்பனை என்பது அனுபவம் இல்லாதவர்கள் செய்கிற சில்லறைத் திருட்டு. நம் பொதுத்துறை நிறுவனங்களில் எந்தப் பொருளும் ஒன்றுமில்லாததிலிருந்து உண்டானதில்லை. எவ்வளவோ பொருளைப் போட்டு ஒன்றும் உண்டாகாமல் இருந்தது உண்டு. அது வேறு.”

அடுத்த கூட்டத்துக்குள் மூலத்தைக் கொண்டுவராவிட்டால் பெயின்ட் என்று தீர்ப்பாயிற்று. மூலம் படித்துப் பார்ப்பதற்காகக் கைப்பிரதியை ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள்.

புருஷனை இருபத்திரண்டு வருஷமாகப் பிடிக்கவில்லை என்று மேடையேறிக் கையெழுத்துப் போட எந்தப் பெண் வருவாள்? உலகநாதன் மௌலா அலி ரயில்வே குடியிருப்பில் கமலம் என்ற விதவையிடம் போனார். அவள் புருஷன் ரயிலில் கார்டாக இருந்து செத்தவன். அவன் லட்சணம் ஊருக்கே தெரியும். கமலம் நாவலின் கதையைக் கேட்டுவிட்டு, “இருபத்திரண்டு இன்னா, முப்பது வருசத்துக்கு எழுதித் தரேன் அண்ணே. ஆனா அந்தாளு பேர்லதான் பென்ஷன் வருது. பிடிக்கலைன்னு எழுதிக் குடுத்தா நிறுத்திடுவானுங்க” என்று கும்பிட்டு அனுப்பிவிட்டாள். பட்டறை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸைக் கேட்டார். அவள் புருஷனிடம் சொல்லிவிட்டாள். அவன் வந்து பட்டறை வாசலில், நூறு பேருக்கு நடுவில், உலகநாதனின் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கிவிட்டுப் போனான்.

அப்புறம்தான் அவருக்கு அந்த அருமையான யோசனை உதித்தது. சொந்த வீட்டிலேயே ஒரு பெண் இருக்கும்போது ஊரெல்லாம் அலைவானேன்? கனகவல்லி கெட்டிக்காரி, வாயைத் திறக்காதவள். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம். இருபத்திரண்டு என்பது பத்து சதவீதத்துக்குள் அடங்கிவிடும். இன்னொரு சௌகரியமும் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். சூடு ஆறாமல் தினமும் சாப்பாடு கட்டிக் கொடுக்கிற பெண்டாட்டியைப் பற்றி யார் அப்படி நினைப்பார்கள்? சட்டத்துக்கும் சரி, மானத்துக்கும் சரி. தன் மூளையை நினைத்து அவரே வியந்துகொண்டார்.

“சும்மா ஒரு கையெழுத்து. படிக்கல்லாம் வேணாம்” என்று அவளிடம் சொன்னார்.

“இன்னா எழுதிக்கீது அதுல?”

“கதைதான். புருஷனைப் பிடிக்காத ஒரு பொம்பளை. அது நீதான்னு மேடையில ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சிபூடும்.”

கனகவல்லி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கைப்பிரதிக் கட்டை வாங்கினாள். “படிக்காம நக்கோ” என்றாள். ஹைதராபாத்துக்கு வந்த இத்தனை வருஷத்தில் அவள் இந்த ஊரிலிருந்து எடுத்துக்கொண்ட ஒரே வார்த்தை அது, வேண்டாம் என்று அர்த்தம். அதையும் வீணாகச் செலவழிக்க மாட்டாள்.

ஒன்பது நாள் படித்தாள். மத்தியான வேலை முடிந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டுகிறவள் போல மெதுவாகப் படித்தாள். பட்டறையிலிருந்து வந்ததும் உலகநாதன் எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்ப்பார். எப்படி இருக்கிறது என்று கேட்டால், “படிச்சிகினு இருக்கேன்” என்பாள். குழம்பில் உப்பு குறையவில்லை, சட்டைக்கு இஸ்திரி குறையவில்லை. முதன்முதலாகத் தன் எழுத்தை ஒருத்தர் இவ்வளவு அக்கறையாகப் படிக்கிறார் என்று அவருக்குப் பூரிப்பு. பத்தாம் நாள் கட்டைத் திருப்பிக் கொடுத்து, வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த கூட்டத்தில் அவளுக்குக் கை வைத்த நாற்காலி போட்டார்கள். மூலத்துக்கு சம்பள விகிதம் கிடையாது என்பதால் அப்படி ஒரு விதிவிலக்கு. மேஜைமேல் கைப்பிரதி இருந்தது, மேஜைக்கு அடியில் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷும் இருந்தன. வெங்கடராமன் நாவலிலிருந்து முப்பத்தொரு அம்சங்களைக் குறித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் படித்து, சரியா தப்பா என்று கேட்டார்.

அவன் இருமுகிற சத்தம் தெருமுனையில் கேட்டதுமே பார்வதிக்குக் கழுத்து நரம்பு இறுகும் என்று நாற்பதாம் பக்கத்தில் இருந்தது. சரி என்றாள் கனகவல்லி. அவன் சாப்பிடும்போது அவள் அவன் வாயைப் பார்க்காமல் சுவரில் உள்ள ஆணியைப் பார்ப்பாள் என்று இருந்தது. சரி. அவன் வெளியூர் போகிற நாளில் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொள்வாள். சரி. உலகநாதன் பெஞ்சில் உட்கார்ந்து ஆச்சரியப்பட்டார். ஒரு தடுமாற்றம் இல்லாமல் என்னமாய் நடிக்கிறாள்! பக்கத்திலிருந்தவரை முழங்கையால் இடித்துச் சிரிக்கவும் செய்தார்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவள் நிறுத்தினாள். “இதுல அவ குழாயைத் தொறந்துவுட்டு அழுவறான்னு எழுதிக்கீது. நான் அழுததில்ல. குழாய்ல தண்ணி வர்றதே அரை மணி நேரம். அதுல எங்க அழுவறது?”

வெங்கடராமன் அதை வித்தியாசம் என்று குறித்துக்கொண்டார். அப்புறம், பார்வதி தங்கைக்குக் கடிதம் எழுதிக் கிழித்துப் போடுவதும் தப்பு. கனகவல்லி யாருக்கும் எழுத நினைத்ததில்லை. கடைசிப் பக்கத்தில், சோறு போடும்போது அவன் நரைத்த தலையைப் பார்த்துப் பார்வதிக்கு ஒரு கணம் பரிதாபம் வருகிறது. நாவலிலேயே உலகநாதனுக்கு மிகவும் பிடித்த இடம் அது. அதை எழுதிய அன்று அவர் அழுதிருக்கிறார்.

“அது இல்ல,” என்றாள் கனகவல்லி.

உலகநாதன் சிரிப்பதை நிறுத்தினார்.

முப்பத்தொன்றுக்கு மூன்று என்றால் ஒன்பது புள்ளி ஆறு எட்டு சதவீதம் என்று வெங்கடராமன் கணக்குப் போட்டு அறிவித்தார். மண்டபம் கைதட்டித் தீர்த்தது. இவ்வளவு நெருக்கமான மூலத்தைத் தன் பதவிக்காலத்தில் பார்த்ததில்லை என்றார். நாவலில் விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று ஒரு சம்பிரதாயத்துக்குக் கேட்டு வைத்தார்.

“ஒண்ணு உண்டு. கண்ணாலம் ஆன மூணாம் நாளு நான் பெட்டியைத் தூக்கிகினு டேஷனுக்குப் போய்ட்டேன். வண்டியும் வந்துது. எனக்குப் பின்னால ரெண்டு தங்கச்சி கண்ணாலத்துக்கு இருந்தாளுங்க. ஏறல. வண்டி போனப்புறம் கடையில பால் வாங்கிகினு வந்துட்டேன். பால் வாங்கப் போனதா இவரு நெனச்சிகினாரு.”

உலகநாதனுக்கு அந்தப் பால் ஞாபகம் இருந்தது. பாலுக்குப் போவதற்குப் பெட்டி எதற்கு என்று கேட்டதும், தையலுக்குத் துணி கொண்டுபோனேன் என்று அவள் சொன்னதும்கூட ஞாபகம் வந்தது. இருபத்து நாலு வருஷமாக ஒரு பட்டறை முழுக்க யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதிக்கொண்டிருந்த ஆள்.

இதனால் சதவீதம் மாறுமா என்று சாம்பசிவம் கேட்டார். மாறாது என்று வெங்கடராமன் விளக்கினார். மூலப்பொருள் எப்போதும் செய்து முடித்த பொருளைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும். கடைசலில் சீவித் தள்ளுவது இல்லையா, அந்த ஸ்டேஷனும் பெட்டியும் அப்படிச் சீவலில் போனவை. சாம்பசிவம் தலையாட்டிவிட்டு எழுந்து, “அம்மா, பத்து சதவீதத்துக்குள் அடங்கின ஒரு வாழ்க்கை. துணைப் பொது மேலாளரான எனக்கே அது அமையவில்லை. என் சுயசரிதையில் நான் சொன்னதைவிட நான் குறைவாகத்தான் வாழ்ந்திருக்கிறேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜலஜா அதை எழுதவில்லை.

கனகவல்லி கையெழுத்துப் போட்டாள். எழுத்தாளர் வந்து, மேற்கண்டவை உண்மை என்று அதன் கீழே எதிர்க்கையெழுத்துப் போட வேண்டும். உலகநாதன் மேடைக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது.

“சார், ஒரு நிமிஷம். அவ சும்மா சொல்றா. நான்தான் வந்து சொல்லச் சொன்னேன்” என்றார்.

பொய்ச் சான்றிதழ் என்பது வெங்கடராமன் அகராதியில் கொலைக்கு ஒரு படி மேல். கைப்பிரதியை ஒரு கையால் இழுத்து வைத்துக்கொண்டு, குனிந்து இன்னொரு கையால் பெயின்ட் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“ஓய், ரெண்டுல ஒண்ணு சொல்லும். நிஜம்னா அச்சு. பொய்னா பெயின்ட். நடுவுல எதுவும் கிடையாது.”

டப்பாவின் மூடி திறந்தது. முதல் பக்கத்தில் அவர் பெயர், அவருடைய மணியான எழுத்தில், இருந்தது. பதினோரு வருஷம். வேறு பிரதி இல்லை. பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால், மண்டபத்தில் இருக்கிற அத்தனை பேர் முன்னாலும் அவர் ஒரு நல்ல புருஷன், அவள் ஒரு நல்ல மனைவி, நாவல் கிடையாது. கனகவல்லி நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. கடையில் நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள்.

உலகநாதன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. நாலைந்து நிறுத்தம் கழித்து அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, நீ சொன்னதெல்லாம் நிஜமா என்று கேட்டார்.

“நீங்க பொய்னு சொல்லியிருந்தீங்கன்னா பொய்தான்” என்றாள் கனகவல்லி. “சொல்லுவீங்கன்னுதான் பார்த்துகினு இருந்தேன்.” பிறகு, அரிசி வாங்க வேண்டும், முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிக்கொள்ளலாம் என்றாள்.

மூன்று மாதத்தில் புத்தகம் வந்தது. கெட்டி அட்டை, நல்ல காகிதம், ஒரு அச்சுப் பிழை இல்லை. வெளியீட்டு விழாவில் உலகநாதனுக்குக் கை வைத்த நாற்காலி கொடுத்தார்கள். சம்பள விகிதத்தைப் பாராமல் பத்து நிமிடமும் கொடுத்தார்கள். சாம்பசிவம் சந்தனமாலை போட்டுவிட்டு, இந்த அமரத்துவம் வாய்ந்த படைப்புக்கு உந்துசக்தி எது என்று சபைக்குச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

உலகநாதன் மைக்கின் முன்னால் நின்றார்.

“என் மனைவிதான்” என்றார்.

கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. ரமா தன் கணவரை முறைத்துப் பார்த்தார். மற்றப் பெண்களும் கழுத்தைத் திருப்பி, இரண்டாவது வரிசையில் இருந்த கனகவல்லியைப் பொறாமையோடு பார்த்தார்கள். அவளும் தட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரும் தட்டுகிற வரை தட்டினாள், எல்லோரும் நிறுத்தியதும் நிறுத்திவிட்டாள்.